யாரோடு ஒப்பிட்டு?

தன்மதிப்பை எண்ணால் அளக்க முடியும் என்று உலகத்தை நம்பவைத்தவை பத்தே பத்து வாக்கியங்கள். மாரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965இல் வெளியிட்டவை. நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடம் அவர் கேட்டார்: உன்மீது உனக்குத் திருப்தி உண்டா, எதற்கும் உதவாத ஆள் என்று சில நேரம் தோன்றுகிறதா, மற்றவர்களுக்குச் சமமான மதிப்பு உனக்கு இருக்கிறதா. (நமக்கு 'சுயமரியாதை' என்றாலே 1925இல் தொடங்கிய இயக்கம்தான் நினைவுக்கு வரும். அது ஊரிடம் கேட்டு வாங்கியது. இங்கே அளக்கப்படுவது மனசுக்குள் இருப்பது.)

2005இல் டேவிட் ஷ்மிட்டும் யூரி ஆலிக்கும் 53 நாடுகளில், 28 மொழிகளில் இந்தப் பத்தையும் கேட்டுப் பட்டியல் போட்டார்கள். உச்சியில் செர்பியா, அடியில் ஜப்பான். ஜப்பானியர் தங்களை வெறுக்கிறார்களா என்ன? ஸ்டீவன் ஹைனும் அவருடைய சகாக்களும் 1999இலேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள்: தன் குறையைத் தேடிப் பார்ப்பது அங்கே தாழ்வு மனப்பான்மை அல்ல, முன்னேறும் வழி. ரோசன்பெர்க்கின் பத்தில் ஒன்று, என்மீது எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்படுவது. ஆமாம் என்றால் மதிப்பெண் குறையும்!

அதற்காக, பண்பாடு வேறு, எனவே அளவுகோல் செல்லாது என்று கையைக் கழுவிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. ரோசன்பெர்க்கே 1971இல் ராபர்ட்டா சிம்மன்ஸுடன் சேர்ந்து பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நிறவெறியால் நசுங்கிய கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு தாழ்ந்திருக்கும் என்பதே அப்போதைய பொது நம்பிக்கை. அது தாழ்ந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்களை ஒப்பிட்டது பக்கத்து பெஞ்சில் இருந்தவரோடு. அங்கே இருந்ததும் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைதான். மதிப்பெண் நன்றாக இருந்ததால் அநீதி இல்லை என்று ஆகிவிடுமா?

பெண்கள் விஷயத்துக்கு இதை வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். வீப்கே பிளைடோர்ன் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, 48 நாடுகளில் ஒன்பது லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களைப் பார்த்தது. பொதுவாக ஆண்களின் தன்மதிப்பே அதிகம். ஆனால் அந்த இடைவெளி செல்வமும் பாலினச் சமத்துவமும் கூடிய நாடுகளில் பெரிதாகவும், ஆசிய நாடுகள் பலவற்றில் சிறிதாகவும் இருந்தது. பார்த்தீர்களா, பழைய ஏற்பாட்டில்தான் பெண்ணுக்கு நிம்மதி என்று சொல்ல இதைவிட வசதியான எண் கிடைக்காது.

எனக்கு பால்டிமோர்தான் நினைவுக்கு வருகிறது. ஓரகத்தியோடும் நாத்தனாரோடும் மட்டும் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் பெண்ணின் தாளில் குறை தெரியாது. அடுத்த மேசையில் அதே வேலை செய்யும் ஆணின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டவளின் தாளில் தெரியும். இன்னொன்று, அந்த ஆய்வு இணையம் வழியாக நடந்தது. கணினிப் பக்கமே போக வாய்க்காத பெண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.