கடதாசி இல்லாத தொழில்

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, எங்கட ஆக்கள் மோட்டார் சைக்கிளையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது பலருக்கு ஞாபகமிருக்கும். சூடேறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகாது. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எந்த நேரத்தில் மாற்றுவது? அது கராஜ்காரரின் காதுக்குத்தான் தெரியும். சத்தத்தைக் கேட்டுக் கார்பரேற்றரைத் திருகுவார். பிளக்கில் படிந்த கரியைப் பார்த்தே எஞ்சினின் வருத்தத்தைச் சொல்வார்.

அப்படியான ஒருவர் தொண்ணூறுகளின் நடுவில் ஜேர்மனிக்கு வந்து, நானிருந்த அகதிமுகாமில் பக்கத்து அறையில் இருந்தார். நாற்பதை நெருங்கிய மனிதர். வேலை கேட்டுப் போன கராஜ்களில் எல்லாம் ஒரே கேள்விதான், "கடதாசி இருக்கோ?" பத்து வயதிலிருந்து கராஜில் நின்றவரிடம் என்ன கடதாசி இருக்கும்? கடைசியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார்.

ஜேர்மன்காரருக்குக் கைவேலையின் அருமை தெரியாது என்று சொல்லமாட்டேன். தொழில் என்பது தெரிந்தவருக்குப் பக்கத்தில் நின்று பழகுவது என்பதை இவர்களைப்போல் விளங்கியவர்கள் குறைவு. அவுஸ்பில்டுங்கை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்திய 1969ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பழக்கம் முத்திரை இல்லாமல் வேறொரு ஊரிலும் நடந்திருக்கும் என்பதைத்தான் நம்பமாட்டார்கள். சொந்தமாகக் கராஜ் போடுவதென்றால் மைஸ்ரர் பட்டமும் வேண்டும். 2004இல் அந்தக் கட்டாயத்தை 94 தொழில்களிலிருந்து 41 ஆகக் குறைத்தபோதும் கார் திருத்தும் தொழில் உள்ளேதான் இருந்தது.

2012 ஏப்ரலில் வெளிநாட்டுத் தகைமைகளை அங்கீகரிக்கும் சட்டம் வந்தது. பத்திரங்கள் தொலைந்திருந்தால் வேலையைச் செய்து காட்டலாம் என்றார்கள். அகதிகளுக்கு நல்ல விடயம்தான். ஆனால் அது முறையாகப் படித்துப் பத்திரத்தைத் தொலைத்தவருக்கான வழி. பத்திரமே இல்லாமல் பழகியவர் அப்போதும் வெளியில்தான் நின்றார்.

அவருக்கான கதவு 2025 ஜனவரியில்தான் திறந்தது. 25 வயதைத் தாண்டி, ஒரு தொழிலின் பயிற்சிக் காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலம் அதில் வேலை செய்தவர், தன் திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும்படி கேட்கலாம். பட்டத்துக்குச் சமமில்லை, ஆனாலும் கடதாசி. பக்கத்து அறைக்காரர் இப்போது பென்சனில்.

சமையல்காரருக்குப் பயிற்சிக் காலம் மூன்று வருடம். கோப்பையில் தொடங்கி அடுப்புக்கு வந்து, இருபது வருடமாக மாவைத் தொட்டே பதம் சொல்கிற எங்கட ஆக்கள் எத்தனை பேர்! உங்கள் நகரத்துக் கைத்தொழில் வர்த்தக சம்மேளனத்தில் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கோ.