மூன்றாமவர்

நான் கூட்டத்துக்குப் பயந்தவன். ஆகையால் ஆடிக் கடைசி வெள்ளி கழிந்து, வண்டிகளும் பந்தல் கடைகளும் கலைந்த பிறகுதான் இருக்கன்குடிக்குப் போனேன். சாத்தூருக்குக் கிழக்கே, அர்ஜுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் மாரியம்மன் குடிகொண்டிருக்கிறாள். இரண்டு கங்கைகள் கூடுமிடம் என்பதால் ‘இரு கங்கைக் குடி’ என்று பெயர் வந்து, அதுவே இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். கங்கை என்று பெயர்தானே ஒழிய, நான் போன அன்று இரண்டிலும் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மணலில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துக் கோலுக்கு இரண்டு தேங்காய் மூடிகள். அந்தப் பக்கத்துக் கோலுக்கு ஒரு ஜோடிச் செருப்பு. எல்லார் காலும் வெறுங்கால். ஒருவன் முதுகில் மெஸ்ஸி. இன்னொருவன் முதுகில் ரொனால்டோ. பந்து என் பக்கம் வந்தபோது நான் காலால் திருப்பி அனுப்பினேன். அது வேறு திசையில் போயிற்று. மெஸ்ஸி சிரித்துவிட்டான்.

“ஒங்க காலத்துல யாரு தாத்தா பெரிய ஆட்டக்காரரு?” என்று கேட்டான்.

“பலராம்” என்றேன்.

“அவரு எந்த ஊரு?”

இதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. துளசிதாஸ் பலராம் எந்த ஊர்க்காரர்? தாய் தகப்பன் தமிழர்கள். பிறந்தது 1936ல், செகந்திராபாத் ராணுவப் பாளையத்தை ஒட்டிய அம்முகூடா கிராமத்தில். பெயர் எடுத்தது கல்கத்தாவில். மூன்று ஊர்க்காரர் ஒருவரை மூன்று ஊரும் கொண்டாடியிருக்க வேண்டும். உலகம் அப்படி நடப்பதில்லை. மூன்று வீட்டுக்கு விருந்தாளி எந்த வீட்டிலும் பட்டினி என்கிற கதையாகிவிட்டது.

அவருடைய இளமையில் வீட்டில் காசு புழக்கம் இல்லை. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, பந்தாடும் பூட்ஸாக மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். இந்தப் பூட்ஸ் விவகாரம் அற்ப விஷயமல்ல. 1948ல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்முடைய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். 1952ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்து அனுப்பியது. அதற்குப் பிறகுதான் நம் கால்களுக்குப் பூட்ஸின் அவசியம் நன்றாக உறைத்தது.

பலராமைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டாலும் வாத்தியார்த்தனம் அவரை விடவில்லை. ஹைதராபாத்துக்கு வந்து பயிற்சி செய்யப் பையனிடம் வண்டிக் காசு இல்லை என்று தெரிந்ததும், சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாராம். அந்தச் சைக்கிள் பையனை ஹைதராபாத்துக்கு மட்டுமா கொண்டு சேர்த்தது? 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கே கொண்டு சேர்த்துவிட்டது. இருபது வயதுப் பலராம் அங்கம் வகித்த அந்த இந்தியக் கோஷ்டி உலகத்தில் நான்காவதாக வந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அதற்கு மேல் ஏறியதே இல்லை.

மறு வருஷம் அவர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தில் சேர்ந்தார். இந்தியாவின் முன்வரிசையில் அப்போது மூன்று பேர். வலது ஓரத்தில் பி. கே. பானர்ஜி. நடுவே சுனி கோஸ்வாமி. இடப்புறம் பலராம். பானர்ஜிக்கு வேகமும் இடி மாதிரி உதையும் சொத்து. கோஸ்வாமிக்கு நளினம் சொத்து. பலராமுக்கோ மைதானம் முழுவதுமே சொத்து. ஓரத்தில் நின்று பந்து வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். பின்னால் இறங்கி வருவார். நடுக்களத்தில் பந்தை வாங்குவார். எதிரி ஒருவனை ஏமாற்றி, தன்னைவிட நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குத் தள்ளுவார். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் போவார்கள். பந்தைக் கொடுத்தவன் பின்னால் நடந்து வருவான். நம்முடைய கூட்டுக் குடும்பங்களிலும் அப்படி ஒரு மனிதர் இருப்பார். வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குக் கோல் போடத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1961ல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராக இருந்து, 23 கோல்கள் போட்டு, கல்கத்தா லீகைச் சங்கத்துக்கு வாங்கித் தந்தவர் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் ரோமாபுரி ஒலிம்பிக். 1960 ஆகஸ்டு 26ந் தேதி ஹங்கேரியோடு ஆட்டம். ஹங்கேரி என்றால் அந்த நாளில் பந்தாட்ட உலகமே எழுந்து நிற்கும். இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். 79வது நிமிஷத்தில் பலராம் ஒன்றைத் திருப்பினார். 2-1 என்று தோற்றோம். ஆனாலும் தலை குனியவில்லை. அந்த ஹங்கேரி வெண்கலப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது. 1948ல் நம்மை வென்ற பிரான்ஸும் அந்தத் தடவை 1-1க்கு மேல் போக முடியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் வெறுங்கால் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது, பாருங்கள்!

பிறகு 1962, ஜகார்த்தா ஆசியப் பந்தயம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா விலக்கிவிட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேச, ஊரே நம் வீரர்கள்மீது சீறிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. அப்புறம் தாய்லாந்துக்கு எதிராகவும் ஜப்பானுக்கு எதிராகவும் பலராம் கோல் போட்டார். செப்டம்பர் 4ந் தேதி இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா. பானர்ஜி ஒன்று, தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னெய்ல் சிங் ஒன்று. கோலைக் காத்து நின்றவர் ஹைதராபாத்திலிருந்து வந்த பீட்டர் தங்கராஜ். 2-1. தங்கப் பதக்கம்! ஆசியப் பந்தயக் கால்பந்தில் நமக்கு அதற்குப் பிறகு தங்கம் கிடைக்கவில்லை. பலராமுக்கு அந்த வருஷத்து அர்ஜுனா விருது கிடைத்தது.

ஓரத்தில் நின்று அந்த ஆட்டத்தை நடத்திய ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. 1963 ஜூனில் அவர் காலமானார். அதே வருஷம் சிஷ்யரின் நெஞ்சிலும் நோய் புகுந்தது. நுரையீரல் உறையில் அழற்சி. ஓடக் கூடாது என்றார்கள். ரெயில்வே உத்தியோகத்துக்காக பி.என்.ஆர். சங்கத்துக்கு மாறியிருந்த சமயம். ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள், 27 வயதில் நின்றுவிட்டன. கால்களில் குற்றமில்லை, மூச்சுத்தான் கைவிட்டது.

பத்மஸ்ரீ 1983ல் கோஸ்வாமிக்கு வந்தது. 1990ல் பானர்ஜிக்கு வந்தது. மூன்றாமவருக்குக் கடைசி வரை வரவில்லை. பழைய சங்கத்தோடும் மனக்கசப்பு ஏற்பட்டு, அந்த வாசலை மிதிக்காமலே இருந்தார். இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்லலாம். கொடுத்தே பழகிய கை, கேட்டு வாங்கப் பழகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவுக்கு வடக்கே உத்தரபாராவில், கங்கையின் கிளையான ஹூக்ளியின் கரையில் வசித்தார். 2020ல், மார்ச்சில் பானர்ஜியும் ஏப்ரலில் கோஸ்வாமியும் போனார்கள். 2023 பிப்ரவரி 16ந் தேதி, 86வது வயதில், பலராமும் போனார்.

பிரயாகையில் மூன்று நதிகள் கூடுகின்றன என்கிறோம். கங்கையும் யமுனையும் கண்ணுக்குத் தெரியும். சரஸ்வதி அடியில் ஓடுகிறது என்று பெரியவர்கள் சொல்ல, நாம் நம்புகிறோம். கண்ணுக்குத் தெரியாததாலேயே அதற்கு ஸ்நான பலன் குறைந்துவிடுகிறதா, என்ன?

இதையெல்லாம் அந்தப் பையனிடம் நான் சொல்லவில்லை. பழைய பூட்ஸையும் சைக்கிளையும், 27 வயதில் ஆட்டம் நின்றதையும் மட்டும் சொன்னேன். அவன் பந்தைக் காலடியில் அமுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவரு எந்த ஊருன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே, தாத்தா?”

“யாரும் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, தம்பி.”

அவன் ஒரு கணம் யோசித்தான்.

“அப்ப நம்ம ஊருன்னே வச்சுக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டு, இடது ஓரத்தில் தனியாக நின்றிருந்த ஒரு சின்னப் பையனிடம் பந்தைத் தள்ளிவிட்டு ஓடினான்.