கல்லில் இல்லாத மிளகாய்

பலமுறை தள்ளிப்போன தஞ்சைப் பயணம் ஒருவழியாகச் சென்ற மார்கழியில் கைகூடியது. நண்பர்கள் நால்வர், துணைக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் படி ஒன்று. அதிகாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் எங்கள் கால்கள் பெரிய கோயிலை நோக்கி அல்ல, சிற்றுண்டிச்சாலையை நோக்கியே நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

ஆவி பறக்கும் இட்டலியின்மீது சாம்பார் ஊற்றப்பட்டபோது, எங்களுள் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் இருவரும் ஒரே கதையைத் தொடங்கினோம். தஞ்சையை மராட்டிய மன்னர் சாகஜி ஆண்டபோது (1684–1712) விருந்தினராக வந்த சம்பாஜிக்குச் சமைத்த குழம்பில், மராட்டியப் புளிப்புக்கு மாற்றாக நம்மூர்ப் புளி கரைத்து ஊற்றப்பட்டதாம். அதுவே சாம்பார் ஆயிற்றாம். "சான்று உண்டா?" என்று வினவினார் வங்கியில் பணிபுரியும் நண்பர். நாங்கள் இருவரும் காப்பியில் கவனம் செலுத்தினோம்.

கோயிலுக்குள் நுழைந்தபோது இளவெயில் விமானத்தின்மீது படர்ந்திருந்தது. கி.பி. 1010இல் குடமுழுக்குக் கண்ட இத்தளியில், தாம் கொடுத்தவற்றோடு தம் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டவர் முதலாம் இராஜராஜர். அத்தமக்கையாரின் கொடைகளைத் தேடிப் படித்தோம். குந்தவையார் இறைத்திருமேனிகளோடு, பொன்மாளிகைத் துஞ்சின தேவராகிய தம் தந்தை சுந்தரசோழருக்கும் தம் தாய்க்கும் படிமங்கள் எழுந்தருளுவித்தார். திருமேனிகளின் தேவைகளுக்கென அவர் அளித்த காசுகளை ஊர்ச்சபைகள் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தின. "நூற்றுக்கு 12.5!" என வியந்தார் வங்கி நண்பர்.

அவ்வட்டியில் நிகழ்ந்த திருவமுதின் பட்டியலைக் காண்கையில் சமையற்கட்டே கண்முன் எழுகிறது. அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, தயிர், வாழைப்பழம், உப்பு. இறுதியில் வெற்றிலையும் பாக்கும். மறைந்த பெற்றோருக்கு நாள்தோறும் இலை போட விரும்பிய ஒரு மகளின் மனம், நாழியும் உழக்குமாக அக்கல்லில் உறைந்திருப்பதாக எங்களுக்குத் தோன்றியது.

நண்பகல். இரயில் நிலையத்தருகே ஓர் உணவகத்தில் இலை விரித்து அமர்ந்தோம். சாம்பார், வற்றல் குழம்பு, இரசம், உருளைக்கிழங்கு வறுவல். காலையில் படித்த பட்டியலோடு இலையை ஒப்பிட்டோம். பருப்பு, கடுகு, சீரகம், நெய், தயிர் யாவும் உள. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் சோழர் அறியார். அவை அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே கடல்வழியாக இங்கு வரத்தொடங்கின. மிளகின் இடத்தைப் பிடித்த அயல்காய்க்கு மிளகின் பெயரையே சூட்டி, மிளகாய் ஆக்கிக்கொண்டது நம் மொழி.

புளியோ மராட்டியருக்கு மிக முற்பட்டது. புதுமணப்பெண் துழாவிச் சமைத்த புளிப்பான குழம்பைக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் காட்டுகிறது. பருப்பும் புளியும் ஒரு கலத்தில் கூட, தஞ்சைக்கு ஓர் அரச விருந்தினர் வந்தே தீரவேண்டிய தேவையில்லை. சம்பாஜி வந்ததற்கும் உண்டதற்கும் அக்காலச் சான்று எதையும் நாங்கள் இதுவரை கண்டதில்லை.

மாலையில் இரண்டாம் சரபோஜியால் (1798–1832) வளம்பெற்ற சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஓலைச்சுவடிகளின் முன் நின்றபோது காலைக் கதை நெஞ்சை உறுத்தியது. சுவையாக இருக்கிறது என்பதற்காகவே ஆண்டுதோறும் வகுப்பில் அதைச் சொல்லி, மாணவர்களை நம்பவைத்திருக்கிறோம். பக்கத்துச் சுவரிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்ததை ஒருநாளும் சொன்னதில்லை.

இரவு உணவுக்கு மிளகு இரசம் கேட்டோம். சம்பாஜி கதையை வரும் பருவத்திலும் சொல்வோம். கதை என்று சொல்லியே சொல்வோம். அதற்குமுன் குந்தவையாரின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.