அவசரப் பொத்தான்

அவசரப் பொத்தான் (பெயர்ச்சொல்): ஆபத்தில் இருப்பவர் அழுத்தியதும் உதவிக்கு ஆள் வரவழைக்கும் சிறு கருவி.

'அவசரம்' வடமொழியில் தக்க சமயம், வாய்ப்பு என்ற பொருளுடையது. தமிழில் அது விரைவையும் நெருக்கடியையும் குறிக்கலாயிற்று. 'பொத்தான்' ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போலப் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. முதலில் சட்டைப் பொத்தானுக்கு வழங்கிய சொல், பிறகு மின்கருவிகளில் அழுத்தும் குமிழுக்கும் பெயரானது.

ஓட்டல் தொழிலில் இது ஒரு பாதுகாப்புச் சொல். அறை சுத்தம் செய்யும் பெண்கள் பெரும்பாலும் தனியாகவே விருந்தினர் அறைக்குள் போகிறார்கள். அங்கே ஒருவர் அத்துமீறினால், கூப்பிடும் குரல் வெளியே கேட்பதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர வாக்காளர்கள் 2016இல் ஓட்டல்கள் இந்தப் பொத்தானைத் தரவேண்டும் என்று வாக்களித்தார்கள். சிகாகோ மாநகர மன்றம் 2017இல் சட்டம் இயற்றியது. அங்கே தனியாக அறைக்குள் வேலை செய்பவருக்குப் பொத்தானை இலவசமாகத் தரவேண்டும். ஆபத்து என்றால் வேலையை நிறுத்திவிட்டு அவர் உடனே அங்கிருந்து வெளியேறலாம். புகார் செய்ததற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இரண்டு ஊர்களிலும் இதற்காகப் போராடியவர்கள் 'யுனைட் ஹியர்' தொழிற்சங்கத்தினர்.

புகாரை நம்பி விசாரிக்கும் நிர்வாகம் இருந்தால்தான் பொத்தானுக்குப் பயன் உண்டு. பெண்களைத் தனியே அறைக்குள் அனுப்பும் ஒவ்வொரு ஓட்டலும் இந்த இரண்டையும் தந்தாக வேண்டும்.