சாராயக் குத்தகையும் கருவின் எலும்பும்

கண்டிக்குத் தென்கிழக்கே, லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட கதையை நம் பாடநூல்கள் மறவாது கூறும். அதற்கு முன்பே காப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வழியே நடந்து வந்தோரையும் ஓரளவு கூறும். தோட்டச் சாலையோரத்துத் தவறணையைப் பற்றியோ வாய் திறப்பதில்லை.

அத்தவறணை தானாக முளைத்ததன்று. சாராயம் விற்கும் உரிமையை ஆங்கில அரசு ஏலத்தில் விட்டது, குத்தகைக்காரர் செல்வரானார், கருவூலம் நிறைந்தது. 1904-இலும் 1912-இலும் மக்கள் மதுவிலக்குக் கோரிக் கிளர்ந்தனர். 1915-இல் கண்டியில் தொடங்கிய கலவரத்தைச் சாக்கிட்டு, அக்கிளர்ச்சியின் தலைவர் பலரை அரசு சிறையிலடைத்தது.

ஏலம் விட்ட அரசின் தாய்நாட்டிலேயே, 1899-இல், லிவர்பூல் சிறை மருத்துவர் வில்லியம் சல்லிவன் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். குடிப்பழக்கமுள்ள 120 பெண்கள் பெற்ற 600 குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை இறந்தே பிறந்தன, அல்லது இரண்டு வயதுக்குள் மாண்டன. கர்ப்ப காலத்தில் சிறைப்பட்டு மது கிடைக்காமற்போன தாயர் சிலருக்கோ நல்ல குழந்தைகள் பிறந்தன. சிறையும் ஒருமுறை வரம் கொடுத்தது போலும்! குற்றம் குலத்திலன்று, குடியில் என்பது அன்றே தெரிந்த உண்மை. எனினும் 1968-இல் பிரான்சில் லெமுவானும், 1973-இல் அமெரிக்காவில் ஜோன்ஸும் ஸ்மித்தும் எழுதிய பின்னரே மருத்துவ உலகம் செவிசாய்த்தது.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. அதை முறித்தகற்றும் ஆற்றல் கருவின் ஈரலுக்கு மிகக் குறைவு. கருவின் எலும்பு முதலில் குருத்தெலும்பாகவே இருக்கிறது. ஏறக்குறைய எட்டாவது வாரத்திலிருந்துதான் கடினமாகத் தொடங்குகிறது. மது அம்மாற்றத்தைத் தாமதப்படுத்தி, நீண்ட எலும்புகளின் வளர்ச்சியையும் குறைப்பதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. பாதிக்கப்பட்ட குழந்தைகள் குள்ளமாகவும், முக எலும்புகள் வளர்ச்சி குன்றியும் காணப்படுவர். சிலருக்கு முன்கையின் ஈரெலும்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மலையகத் தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டுச் சராசரியினும் உயர்ந்தது. அப்பழியைத் தாயின் குடிமீது சுமத்த நாம் ஒப்போம். அரைவயிற்றுக் கஞ்சியும் இரத்தச்சோகையும் அங்கே நெடுநாள் வேலை செய்தவை. கணவன் குடித்தழித்த கூலியும் அக்கஞ்சியிலிருந்து பிடுங்கப்பட்டதே.

அரசு பின்னர் கண்ட வழியையும் பார்ப்போம். பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்று 1979-இல் ஒரு விதி பிறந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். கணவன் வாங்கிவரும் போத்தல் லயத்துக் காம்பராவுக்குள் நுழைவதைத் தடுக்க, அவ்விதியில் ஒரு சொல்லும் இருந்ததில்லை.