திண்ணை கொடுத்தது குற்றமா?

வலைத்தளத்தில் ஒருவர் போடும் பொய்க்குப் பொறுப்பு யார்? போட்டவரே என்றது ஓரணி. இடம் கொடுத்த கம்பெனியே என்று முழங்கியது எதிரணி. தீர்ப்புக்கு முன்னால் உங்களை நம்ம கோயம்புத்தூர்ச் சிறைக்குக் கொஞ்சம் கூட்டிப் போகிறேன். பயப்படாதீங்க, உடனே திரும்பிடலாம்! (சிரிப்பு)

அங்கே வ.உ.சி. செக்கிழுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1908 ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்குக் கொடுத்தது ஒரு ஆயுள் தண்டனை இல்லைங்க, இரண்டு! ஒன்று, அவர் பேசிய பேச்சுக்கு. இன்னொன்று, சுப்பிரமணிய சிவா பேசிய பேச்சுக்கு. சிவாவுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்து உடந்தையாக இருந்தாராம். பேசிய சிவாவுக்கு 10 ஆண்டு. இடம் கொடுத்தவருக்கு ஆயுள்! உயர் நீதிமன்றம் பிறகு தண்டனையைக் குறைத்தது. ஆனாலும் கோவையில் செக்கு சுற்றியது சுற்றியதுதான்.

அதே ஆண்டு சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு. எழுத்துக்கு உயிர் கொடுத்தவர் பாரதியார். சட்டப் பதிவேட்டில் ஆசிரியராக இருந்தவர் சீனிவாசன். சிறைக்குப் போனவர் சீனிவாசன்! எழுதிய கையைத் தேடுவதைவிட, பதிவான பெயரைப் பிடிப்பது அரசாங்கத்துக்குச் சுலபம்.

கம்ப்யூட்டர் காலத்திலும் இதுதான் நடந்தது. 2004இல் பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் ஒரு மாணவர் ஆபாசப் படத்தை விலைக்குப் போட்டார். டெல்லி போலீஸ் தளத்தின் தலைமை அதிகாரியையும் கைது செய்தது. நாடே திகைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு திருத்தப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்தது. அது என்ன சொல்லுது? அடுத்தவர் போட்டதற்கு, இடம் மட்டும் கொடுத்தவர் பொறுப்பில்லை. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் எடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 'தெரிந்தது' என்றால் என்ன? நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கைக்கு வந்திருக்க வேண்டும் என்று 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இல்லாவிட்டால் யார் மிரட்டினாலும் கம்பெனிக்காரர் பயந்துகொண்டு உண்மையையும் சேர்த்து அழித்துவிடுவாரே!

எதிரணி கேட்கலாம்: "ஐயா, ஆணை வருவதற்குள் ஊரே பற்றி எரிந்தால்?" நியாயமான கேள்விங்க. 2023 மார்ச்சில் திருப்பூரைப் பார்த்தோமே! வேறு சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டி, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பரப்பினார்கள். பனியன் கம்பெனியில் நம்மோடு வேலை பார்த்தவர்கள் மூட்டை கட்டி ரயிலடிக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. பொய்யைப் பரப்பியவர்கள் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. ஆனால் அந்தப் பொய்யை லட்சக்கணக்கான கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது எது?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நம் கொங்குநாட்டு வீடுகளில் வழிப்போக்கருக்குத் திண்ணை உண்டு. படுத்தவன் திருடினால் வீட்டுக்காரரை யாரும் கட்டி வைக்க மாட்டார்கள். ஆனால் அவன் சொன்ன பொய்யை வீட்டுக்காரரே தெருத்தெருவாகத் தண்டோரா போட்டு, அதில் காசும் பார்த்தால்? அப்புறம் அவர் வெறும் திண்ணைக்காரர் இல்லைங்க! (கைதட்டல்)

நம்ம வீட்டுக்கும் இது பொருந்தும். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில், 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை என்ன சொன்னது தெரியுமா? குழுவை நடத்தியதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் என்றால், அட்மின் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றது. குடும்பக் குழு நடத்தும் மாமாக்கள் நிம்மதியாகத் தூங்கலாம்! (சிரிப்பு)

ஆகவே தீர்ப்பு இதுதான். முதல் பொறுப்பு எழுதியவருக்கு. இடம் கொடுத்தார் என்பதற்காக மட்டும் எவரையும் தண்டிக்கக் கூடாது. அந்த அநியாயத்தை இந்த ஊர்ச் சிறை பார்த்துவிட்டது. முறைப்படி தெரிவித்த பிறகும் வைத்திருந்தால், தானே தூக்கிப் பரப்பினால், இடம் கொடுத்தவரும் கூண்டில் ஏறியாக வேண்டும். பரப்பும் வேலைக்குத் தனியாகக் கணக்குக் கேட்கும் சட்டம் நமக்கு வேண்டும்.