ரேடியோவில் நாள் முழுக்க வீணை கேட்டால்...

சற்றே நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "சார், மகள் கல்யாண வரவேற்புக்கு ஷெனாய் ரெக்கார்டு போடலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. அவரு வடக்க வேலை பாக்காரு. எங்க அத்தை, 'சாவு வாத்தியத்தை மணவீட்டில் போடக் கூடாது'ங்காங்க. அது நிஜமா சார்?"

நிஜம் இல்லை. ஆனால் அத்தை மேலும் தப்பில்லை. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது ரேடியோ. வரலாறு நடத்திய வாத்தியார் என்பதால் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷெனாய். நம் நாகஸ்வரத்துக்கு அது தம்பி முறை. இரண்டும் சீவாளி வைத்து ஊதும் வாத்தியங்கள்தான். காசியில் கல்யாணம், கோயில், திருவிழா எல்லாவற்றுக்கும் ஷெனாய்தான் மங்கள வாத்தியம். சுதந்திரம் வந்தபோது டெல்லியில் அதை ஊதியவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். 2001-இல் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது. அதே மனிதர் மொஹரம் நாட்களில், வெறுங்காலில் நடந்து, கண்ணீரோடு அதே ஷெனாயைத் துக்க இசையாக ஊதியிருக்கிறார். ஆக, அந்த வாத்தியத்துக்குச் சிரிக்கவும் தெரியும், அழவும் தெரியும். நமக்கு மட்டும் அழுகை ஏன் அறிமுகமானது?

இங்கேதான் ரேடியோ வருகிறது.

சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. நம் திருநெல்வேலி நிலையம் வந்தது 1963 டிசம்பர் 1-ஆம் தேதி. 1952 முதல் 1962 வரை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். ராஜாக்களும் ஜமீன்களும் போன பிறகு வித்வான்களை யார் ஆதரிப்பது என்ற கேள்வி அன்று பெரிதாக இருந்தது. அரசாங்கமே ஆதரிக்கட்டும், அதற்கு ரேடியோதான் வழி என்பது அவர் முடிவு. 1952-இல் சனிக்கிழமை இரவுகளில் தேசிய இசை நிகழ்ச்சி வந்தது. 1954-இல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. வித்வான்களுக்குக் குரல் தேர்வு, தரம் பிரித்தல் எல்லாம் வந்தன. கூடவே சினிமாப் பாட்டுக்குக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டது.

விளைவு என்ன? நாடே இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. நம் தென் சீமையில் அது பக்கத்து வீட்டில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்கும், சொல்ல வேண்டுமா! கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்தது.

கேஸ்கரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எத்தனையோ வித்வான்கள் வீட்டில் அந்த ரேடியோ சன்மானத்தில்தான் உலை கொதித்தது. டிக்கெட் வாங்கி சபாவுக்குப் போக முடியாதவர்கள் காதிலும் பெரிய சங்கீதம் விழுந்தது. ஆனால் பத்தமடையில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். காலையில் மங்கள இசை வந்தால் எல்லோரும் கேட்பார்கள். அது விடியலின் சத்தம். பக்திப் பாட்டும் ஓடும். கச்சேரி ஆரம்பித்து ஆலாபனை நீண்டதும், "ஏல, அதைத் திருப்புல" என்று ஒரு குரல் வரும். முள் இலங்கைக்குப் போய்விடும். விருப்பமுள்ள நாலைந்து வீடுகளைத் தவிர மற்ற இடங்களில் கச்சேரியின் கதி இதுதான்.

யாரும் முள்ளைத் திருப்பாத நாட்கள் சில இருந்தன. அவை துக்க நாட்கள்.

1964 மே 27. நேரு காலமானார். கோடை விடுமுறையில் இருந்த பள்ளிச் சிறுவன் நான். வழக்கமாகச் சாயங்காலம் பாடும் பஞ்சாயத்து ரேடியோ அன்று மத்தியானமே பாட ஆரம்பித்தது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. செய்தி வரும், பிறகு வீணை. மறுபடி செய்தி, பிறகு ஷெனாய், சாரங்கி, வயலின். ரேடியோ அறையைச் சுற்றிப் பெரியவர்கள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பாய் நெய்கிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். வீணை என்ற வாத்தியத்தை மணிக்கணக்கில் காது கொடுத்து அவர்கள் கேட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. 1966 ஜனவரி 11-இல் சாஸ்திரி. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா. விடிகாலையில் ரேடியோவை வைத்ததும் மங்கள இசை வரவில்லையென்றால், "யாரோ பெரியவுக போயிட்டாவ போல" என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள். செய்தி பிறகுதான் வரும். 1984 அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி காலையிலேயே சுடப்பட்டார். இறந்த செய்தியை ஆகாசவாணி முறைப்படி சொன்னது மாலை ஆறு மணிக்கு. அதற்குள் பி.பி.சி. சொல்லிவிட்டது. பி.பி.சி. கேட்காதவர்களும் இசை மாறியதை வைத்துப் புரிந்துகொண்டார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படித்தான்.

துக்கத்துக்கு ஏன் இந்த இசை? யோசித்துப் பாருங்கள். பாட்டு போட்டால் எந்த மொழி, எந்தச் சாமி என்ற கேள்வி வரும். வாத்தியத்துக்கு வார்த்தை இல்லை. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை யாருக்கும் உறுத்தாது. சினிமாப் பாட்டு கேளிக்கை, சாஸ்திரிய சங்கீதம் கண்ணியம் என்று ஏற்கெனவே பிரித்தும் வைத்தாயிற்று. துக்கத்துக்குக் கண்ணியம் வேண்டும். ஆகவே வீணை. ஒரு விஷயம் கவனியுங்கள். எனக்கு நினைவு தெரிந்து அந்த நாட்களில் நாகஸ்வரம் கேட்டதில்லை. அதன் மங்களம் காப்பாற்றப்பட்டது. வடக்கில் மங்களமான ஷெனாய் இங்கே துக்கத்துக்கு வந்து சேர்ந்தது. போதாததற்குத் தமிழ்ப் படங்களும் கதாநாயகி அழும்போதெல்லாம் ஷெனாயைக் கூப்பிட்டன.

இதில்தான் எனக்கு வருத்தம். சாஸ்திரிய சங்கீதத்தை எல்லா ஜனங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்த அதே ரேடியோ, நம் ஜனங்களில் பாதிப் பேர் காதில் அதைச் சாவுச் செய்தியோடு சேர்த்துப் பதித்துவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் நடந்தது.

அப்படி நடந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. நாகஸ்வர மேதை அருணாசலம் பிறந்த ஊர். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் போட்டி போட்டதே, அது ஆபேரி ராகம். ராகத்தின் பெயர் தெரியாமலே டீக்கடைக்காரரும் வண்டிக்காரரும் அதை முணுமுணுத்தார்கள். நம் ஜனங்களுக்குச் சங்கீதம் பிடிக்காது என்று யார் சொன்னது? சந்தோஷமான நேரத்தில் சந்தோஷமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். நம் மண்ணுக்கென்று வானொலி நிலையம் வந்து நான்கே மாதத்தில், 1964 ஏப்ரலில், நாற்பத்து மூன்று வயது நிறையுமுன்னே அவர் போய்விட்டார். அதற்கடுத்த மாதம்தான் நேரு.

பத்தமடைக்காரர்களுக்கு நான் ஒன்று சொன்னால் புரியும். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையில், மாப்பிள்ளை பெண் பேர் போட்டுக் கல்யாணப் பாய் நெய்கிறோம். இறந்தவரைக் கிடத்துவதும் பாயில்தான். அதற்காகப் பாயை யாராவது ஆகாது என்று ஒதுக்குகிறோமா?

2015 ஜூலை 27-ஆம் தேதி அப்துல் கலாம் ஐயா மறைந்தார். அதற்குள் காலம் மாறி, எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ரேடியோ வீணையை வைத்துச் செய்தியைத் தெரிந்துகொள்ளும் நிலை போய்விட்டது. அந்தக் கலாம் ஐயா வீணை வாசிக்கப் பழகியவர். யாருக்கும் துக்கம் சொல்ல அல்ல, தன் மனநிறைவுக்காக. மறுவருடம், 2016-இல், ஆகாசவாணி 'ராகம்' என்று இருபத்து நான்கு மணி நேரச் சங்கீத அலைவரிசையைத் தொடங்கியது. இப்போது செல்போனிலேயே கேட்கலாம். நாள் முழுக்க வீணை, வயலின், ஷெனாய். யாரும் சாக வேண்டியதில்லை.

அந்த மாணவியிடம், "தாராளமாகப் போடு. அத்தைக்கு முந்தின நாளே பிஸ்மில்லா கான் கதையைச் சொல்லிவிடு" என்றேன். "அத்தை கேக்க மாட்டாங்க சார்" என்றாள். அப்படியென்றால் வரவேற்பில் காருகுறிச்சியார் நாகஸ்வரத்தை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் முன்னால் வந்தால் தம்பியையும் உள்ளே விடுவார்கள்.

உங்கள் வீடுகளில் துக்க நாள் ரேடியோ பற்றிய நினைவு இருந்தால் கீழே எழுதுங்கள். சின்னவர்கள் இன்று ஒரு பத்து நிமிடமாவது வீணை கேளுங்கள், நல்ல மனநிலையில்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
பத்தமடை